மஞ்சளுக்கு முன்னால் அளவு நாடா: உடலின் அழற்சியைக் குறைக்க ஒரு முழுமையான வழிகாட்டி

என் சித்தப்பாவுக்கு வயது 58. சென்ற ஆண்டு, தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று 'முழு உடல் பரிசோதனை' ஒன்றைச் செய்துகொண்டார். வந்த அறிக்கையில் ஒரே ஒரு எண் சிவப்பு எழுத்தில் இருந்தது. ஹெச்.எஸ். சி.ஆர்.பி.: 14. பக்கத்திலேயே 'இதய நோய் ஆபத்து அதிகம்' என்ற வரி. அன்று மாலையே வீட்டுக்கு மஞ்சள் மாத்திரை டப்பா வந்துவிட்டது. மூன்று வாரம் கழித்து மறுபடி பார்த்தபோது எண் 3.6-க்கு இறங்கியிருந்தது. அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்தவர் எவரும் அந்த டப்பாவைப் பார்க்காமல் திரும்பியதில்லை.

அவர் யாரிடமும் சொல்லாத ஒன்று உண்டு. முதல் பரிசோதனைக்கு நான்கு நாள் முன்புதான் அவர் காய்ச்சலில் படுத்து எழுந்திருந்தார்.

சி.ஆர்.பி. என்பது உடலில் அழற்சி இருக்கும்போது கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் ஒரு புரதம்; அதன் சிறு அளவையும் காட்டும் பரிசோதனைதான் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 1930-இல் நியூயார்க்கில் நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில் இதை முதலில் கண்டார்கள். கிருமித் தொற்று வந்தால் ஓரிரு நாளில் பல மடங்கு ஏறும். தொற்று அடங்கினால் ஏறக்குறைய 19 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிக்கொண்டே போகும். அதாவது சித்தப்பா மாத்திரைக்குப் பதிலாகத் தினமும் ஒரு கடலை மிட்டாய் சாப்பிட்டிருந்தாலும் அந்த 14 இறங்கித்தான் இருக்கும். கவலைப்பட வேண்டிய எண் அந்த 14 இல்லை. காய்ச்சலெல்லாம் போன பிறகும் மிச்சமிருந்த 3.6-தான். அதை எப்படிக் குறைப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. இதில் வரிசை முக்கியம். பொதுவாகப் பெரிய பலன் தருவது முதலில், சிறிய பலன் தருவது கடைசியில். மஞ்சள் எங்கே வருகிறது என்று நீங்களே பாருங்கள்.

முதலில், அழற்சி என்றால் என்ன

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவக்கும், வீங்கும், சுடும், வலிக்கும். இந்த நான்கையும் கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானியரான செல்சஸ் எழுதிவைத்துவிட்டார். நம் வீட்டுப் பாட்டிகள் ஐந்தாவதாக ஒன்றையும் கவனித்திருக்கிறார்கள்: காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். புண்ணிலிருந்து வரும் கிருமியை வழிமறிக்க நிணநீர்க் கணுவில் வெள்ளணுக்கள் கூடுவதால் வரும் வீக்கம் அது. அழல் என்றால் நெருப்பு. அழற்சி அதிலிருந்து வந்த சொல். இதை 'உடம்புச் சூடு' என்று புரிந்துகொண்டு இளநீரும் வெந்தயமுமாகத் தேடுகிறவர்கள் உண்டு. இரண்டும் வேறு வேறு விஷயங்கள்.

முள் குத்திய அழற்சி நல்லது. அது இல்லையென்றால் புண் ஆறாது. சிக்கல் இன்னொரு வகையில் இருக்கிறது. எங்கும் சிவக்காது, வீங்காது, ஆனால் ஆண்டுக்கணக்கில் சாம்பலுக்கு அடியில் கங்கு போல் கனன்றுகொண்டிருக்கும். இதற்குப் பெரிய விறகு வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு. கொழுப்பை வெறும் சேமிப்பு மூட்டை என்றுதான் ஒரு காலத்தில் நினைத்தார்கள். 1993-இல் பருத்த எலிகளின் கொழுப்புத் திசுவே அழற்சிப் பொருள்களைச் சுரக்கிறது என்றும், இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம் என்றும் தெரியவந்தது. குடலைச் சுற்றிச் சேரும் கொழுப்பு சுரப்பவை நேரே கல்லீரலுக்குப் போகின்றன. கல்லீரல் பதிலுக்கு சி.ஆர்.பி.யைத் தயாரிக்கிறது. தொந்தியும் கொழுப்புக் கல்லீரலும் சர்க்கரை நோயும் மாரடைப்பும் ஒரே குடும்பத்தில் அடுத்தடுத்து வருவதற்கு இந்தக் கங்கும் ஒரு காரணம்.

அழற்சியை மட்டும் குறைத்தால் மாரடைப்பு குறையுமா? 2017-இல் வெளியான 'கான்டோஸ்' ஆய்வில், ஏற்கெனவே மாரடைப்பு வந்த பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்த்து இதைச் சோதித்தார்கள். கொலஸ்ட்ராலைத் தொடாமல் அழற்சியை மட்டும் அடக்கும் ஊசி. மாரடைப்பும் பக்கவாதமும் இதய நோய் மரணமும் சேர்த்து ஏறக்குறைய 15 சதவீதம் குறைந்தன. ஆனால் ஊசி போட்டவர்களிடம் உயிரைப் பறித்த கிருமித் தொற்றுகள் சற்று அதிகமாக இருந்தன. அழற்சியை அடியோடு அணைத்துவிடக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை. 'அழற்சியை ஒழிக்கும் உணவு' என்று விற்பவர்களிடம் சற்று விலகியே நில்லுங்கள்.

படி 1: இது சமையலறையில் தீரும் விஷயம்தானா என்று பாருங்கள்

வழக்கமாக இந்தப் பகுதியைக் கட்டுரையின் கடைசியில் சிறிய எழுத்தில் போடுவார்கள். நான் முதலில் வைக்கிறேன். காரணம், இதைத் தவறவிட்டால் மற்ற படிகளால் பயனில்லை.

மாலையானால் லேசான காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், இரவில் வியர்வை, காரணமில்லாமல் எடை குறைதல். இவற்றோடு சி.ஆர்.பி.யோ இ.எஸ்.ஆரோ (அழற்சியைக் காட்டும் இன்னொரு ரத்தப் பரிசோதனை) ஏறியிருந்தால், கஷாயம் காய்ச்சாமல் அரசு மருத்துவமனைக்குப் போய்க் காசநோய்ப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; கட்டணம் இல்லை. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்க முடியவில்லை, சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, அரை மணி நேரத்துக்கு மேல் அந்த விறைப்பு விடவில்லை, இரண்டு கைகளிலும் சிறிய மூட்டுகள் வீங்கியிருக்கின்றன என்றால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மூட்டு வாத நிபுணரும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகளும் வேண்டும். எலும்பு அரிப்பதற்கு முன்பே மருந்தைத் தொடங்குவதில்தான் பலன் இருக்கிறது. வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மலத்தில் ரத்தம் என்றால் குடல் அழற்சி நோயா என்று பார்க்க வேண்டும். நடு இரவில் கால் கட்டைவிரல் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போகிறது என்றால் அது யூரிக் அமிலத்தால் வரும் கவுட் என்ற மூட்டு நோயாக இருக்கலாம்.

மூட்டுவலிக்கு 'மூன்றே நாளில் நிவாரணம்' தரும் பெயரில்லாத பொட்டலப் பொடிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூன்று நாளில் வலி மாயமாக மறைகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்பு அதிகம். மாதக்கணக்கில் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து.

ஏற்கெனவே இந்த நோய்களுக்கு மருந்து எடுக்கிறவர்கள் கீழே வரும் படிகளைத் தாராளமாகப் பின்பற்றலாம். மருந்தை நிறுத்திவிட்டு மட்டும் வேண்டாம்.

படி 2: அளவு நாடாவை எடுங்கள்

தையற்காரர் வைத்திருக்கும் சாதாரண நாடா போதும். கண்ணாடி முன் நில்லுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில் நாடாவைச் சுற்றுங்கள். மூச்சை இயல்பாக விட்ட பிறகு படியுங்கள். பேண்ட் கட்டும் இடத்தில் அளக்கக் கூடாது. தொந்திக்குக் கீழே பேண்டை இறக்கிக் கட்டிக்கொண்டு 'இருபது வருஷமாக எனக்கு 34 சைஸ்தான்' என்று சொல்லும் ஆண்கள் நம்மிடையே ஏராளம். இந்தியர்களுக்கான எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. சித்தப்பாவுக்கு 102 இருந்தது. எடை 74 கிலோதான். பார்க்கிறவர்கள் அவரைக் குண்டென்று சொல்ல மாட்டார்கள். கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்வந்த இந்த உடல்வாகு நம்மிடையே மிகச் சாதாரணம்.

ரத்தப் பரிசோதனை கட்டாயமில்லை. செய்வதானால் ஒழுங்காகச் செய்யுங்கள். காய்ச்சல், சளி, பல் பிடுங்கியது, அடிபட்டது, தடுப்பூசி எதுவாக இருந்தாலும் இரண்டு மூன்று வாரம் போகட்டும். சாதாரண சி.ஆர்.பி. கேட்காமல் ஹெச்.எஸ். சி.ஆர்.பி. என்று கேளுங்கள், குறைந்த அளவுகளைத் துல்லியமாகக் காட்டுவது அதுதான். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குக் கீழ் என்றால் ஆபத்து குறைவு, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3-க்கு மேல் அதிகம். 10-ஐத் தாண்டினால் இதயத்தைப் பற்றி அந்த எண் எதையும் சொல்லவில்லை. வேறெங்கோ தொற்றோ காயமோ இருக்கலாம் என்று பொருள். அளவை அலகையும் பாருங்கள். சில அறிக்கைகளில் டெசிலிட்டர் கணக்கில் இருக்கும்; அங்கே 0.5 என்றால் லிட்டர் கணக்கில் 5.

ஒரே அளவீட்டை நம்ப வேண்டாம். சில வார இடைவெளியில் இரண்டு முறை பார்த்துச் சராசரி எடுப்பதே முறை.

படி 3: தட்டைத் திருப்புங்கள்

இனிமேல் வேலை அதிகம், அதனால் நீளமும் அதிகம்.

சித்தப்பா வீட்டு மதியச் சாப்பாட்டைச் சொல்கிறேன். தட்டில் குவித்த சோறு, நடுவில் குழி, அதில் சாம்பார். தட்டின் ஓரத்தில், ஊறுகாய்க்குப் பக்கத்தில், ஒரு கரண்டி பீன்ஸ் பொரியல். சாம்பார் முடிந்ததும் ரசத்துக்குச் சோறு, பிறகு மோருக்குச் சோறு. மூன்று சுற்றிலும் அந்த ஒரு கரண்டிப் பொரியலே கூட வரும். கடைசியில் அதிலும் மிச்சம் இருக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி, நாளைக்கு 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு ஒரு தட்டு வரைந்து காட்டுகிறது: தானியம் 250 கிராம், கீரை 100 கிராம் உட்படக் காய்கறி 400 கிராம், பழம் 100, பருப்பு அல்லது முட்டை அல்லது மீன், இறைச்சி 85, கொட்டைகளும் விதைகளும் 35, எண்ணெய் 27 கிராம், பால் 300 மில்லி. தானியம் 250 என்பது சமைக்காத எடை. காலை நான்கு இட்லி, மதியம் 100 கிராம் அரிசியின் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி. கணக்கு அங்கேயே முடிந்துவிடும். காய்கறி 400 கிராம் என்றால் நால்வர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 1.6 கிலோ. கடைக்குப் போய் வாங்கிப் பார்த்தால்தான் நாம் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம் என்பது உறைக்கும்.

அதற்காக எல்லாவற்றையும் எடை போட வேண்டாம். இப்படிச் செய்யுங்கள்: இதுவரை கூட்டும் பொரியலும் எவ்வளவு போட்டுக்கொண்டீர்களோ இனி அவ்வளவு சோறு, இதுவரை சோற்றை எவ்வளவு போட்டுக்கொண்டீர்களோ இனி அவ்வளவு கூட்டும் பொரியலும். சோறு ஒரே முறைதான் தட்டுக்கு வர வேண்டும். அதையே சாம்பாருக்கும் ரசத்துக்கும் பிரித்துக்கொள்ள வேண்டும், மோரைத் தம்ளரில் குடிக்க வேண்டும். சித்தியின் முதல் கேள்வி, 'இவ்வளவு காய்க்கு யார் காசு கொடுப்பது?' நியாயமான கேள்வி. புரோக்கோலியும் அவகேடோவும் தேவையே இல்லை. சுரைக்காய், பூசணி, வாழைத்தண்டு, கொத்தவரை, அவரை, பக்கத்து வீட்டு மரத்து முருங்கைக்கீரை போதும்.

காய்க்கும் அழற்சிக்கும் என்ன தொடர்பு? காயிலும் பருப்பிலும் உள்ள நார்ச்சத்து நமக்குச் செரிப்பதில்லை. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கு அதுதான் சாப்பாடு. அவை அதைப் புளிக்கவைத்து பியூட்டிரேட் போன்ற சிறிய கொழுப்பு அமிலங்களைத் தருகின்றன. குடலின் உள்சுவர் செல்கள் அதைத் தின்றே வாழ்கின்றன. அதன் வரத்து குறைந்தால் சுவர் நலிகிறது. பாக்டீரியாக்களின் உடைந்த துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிகின்றன. உடல் அதைத் தொற்றாக நினைத்து அழற்சியைக் கிளப்புகிறது. உலக சுகாதார நிறுவனம் நாளைக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து கேட்கிறது. ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலிலேயே அதில் கணிசமான பங்கு வந்துவிடும். சுண்டலை நவராத்திரிக்கும் கடற்கரைக்கும் ஒதுக்கிவைத்தது நாம் செய்த தவறு. மாலை நான்கு மணிக்கு பிஸ்கட் வைக்கும் தட்டில் தட்டைப்பயறோ பச்சைப்பயறோ கொள்ளோ வையுங்கள். பழக்கமில்லாத வயிறு முதல் வாரம் உப்பும். அரைக் கிண்ணத்தில் தொடங்கி மெல்லக் கூட்டினால் குடல் பழகிக்கொள்ளும்.

மீன் சாப்பிடுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். மத்தி (தென்மாவட்டங்களில் சாளை), கானாங்கெளுத்தி, நெத்திலி ஆகிய மலிவான மீன்களில்தான் ஒமேகா-3 கொழுப்பு நிறைந்திருக்கிறது. கௌரவத்துக்கு வாங்கும் வஞ்சிரத்துக்கு மத்தி எந்த விதத்திலும் குறைந்ததில்லை. வாரம் இரண்டு முறை, குழம்பாக வையுங்கள். எண்ணெயில் பொரித்தால் பயன் குறைந்துவிடும். சைவர்களுக்கு ஆளி விதைப் பொடியும் வால்நட்டும் உண்டு, ஆனால் அவற்றில் இருப்பது வேறு வடிவ ஒமேகா-3. உடல் அதில் சிறு பங்கையே மீனில் உள்ள வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது. மீன் எண்ணெய் மாத்திரைக்கு ஓடாதீர்கள். 25,000 பேருக்கு மேல் பங்கேற்று 2018-இல் முடிவு வெளியான அமெரிக்க ஆய்வில், நாளைக்கு ஒரு கிராம் மாத்திரை மாரடைப்பு, பக்கவாதம் உள்ளிட்ட பெரிய பாதிப்புகளை ஒட்டுமொத்தமாகக் குறைக்கவில்லை.

புளித்த உணவுக்கு வருவோம். 2021-இல் ஸ்டான்ஃபோர்டில் 36 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, ஒரு குழுவுக்குப் பத்து வாரம் தயிர் முதலான புளித்த உணவுகளையும் இன்னொரு குழுவுக்கு நார்ச்சத்து மிகுந்த உணவையும் கொடுத்தார்கள். புளித்த உணவுக் குழுவில் குடல் பாக்டீரியாக்களின் வகை பெருகியது, ரத்தத்தில் 19 அழற்சிப் புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் அந்தக் குறுகிய காலத்துக்குள் அப்படி ஒட்டுமொத்தமாகக் குறையவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் தயிரையும் பழைய சோற்றையும் விட்டுவிட்ட நமக்கு அது தலையில் ஒரு குட்டு. இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்தால் காலைக்குள் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிவிடும். சின்ன வெங்காயத்துடன் குடியுங்கள். உப்பு மிளகாய் வற்றலைக் கூடை கூடையாகக் கடித்துக்கொள்ள வேண்டாம். உப்புக்கு நாளைக்கு 5 கிராம்தான் எல்லை. இட்லி மாவும் புளித்ததுதானே என்றால், ஆம், ஆனால் ஆவியில் வேகும்போது உயிருள்ள பாக்டீரியாக்கள் செத்துவிடுகின்றன. செரிமானத்துக்கு நல்லது, இந்தக் கணக்கில் மட்டும் சேராது.

எண்ணெய் விஷயத்தில் சண்டை அதிகம். சூரியகாந்தி போன்ற விதை எண்ணெய்கள் அழற்சியைத் தூண்டும் என்று ஒரு கட்சி கத்திக்கொண்டிருக்கிறது. மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகளில், அந்த எண்ணெய்களில் நிறைந்திருக்கும் லினோலெயிக் அமிலம் என்ற கொழுப்பு அழற்சி அளவீடுகளை ஏற்றவில்லை. நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ உங்கள் வீட்டு வழக்கப்படி இருக்கட்டும். அளவைப் பாருங்கள்: 27 கிராம் வீதம் நால்வருக்கு மாதம் மூன்றரை லிட்டர். மாதக் கடைசியில் காலி பாக்கெட்டுகளை எண்ணினால் உண்மை தெரிந்துவிடும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது டிரான்ஸ் கொழுப்புக்கு. வனஸ்பதியிலும் அதில் செய்த பஃப்ஸ், கிரீம் வகைகளிலும் இருந்தது அது. எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022 ஜனவரி முதல் நம் நாட்டில் இருக்கிறது. பஜ்ஜிக் கடையில் கறுத்துக் கொதிக்கும் வாணலிக்கு எந்த விதி எட்டும் என்பது வேறு கதை. வீட்டில் அப்பளம் பொரித்த எண்ணெயை மறுநாள் தாளிக்கப் பயன்படுத்தி முடித்துவிடுங்கள். மறுபடி மறுபடி பொரிக்காதீர்கள்.

சர்க்கரைக்கு ஒரு கூட்டல் கணக்கு. சித்தப்பாவுக்கு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் ஒன்றரை ஸ்பூன். ஒரு ஸ்பூன் 4 கிராம் என்றால் 30 கிராம். உலக சுகாதார நிறுவனம் 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது. பிஸ்கட்டும் ஞாயிற்றுக்கிழமைக் கேசரியும் இன்னும் கணக்கில் வரவில்லை. 'நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன்' என்றார். கருப்பட்டி, வெல்லம், தேன் எதுவாக இருந்தாலும் ஈரலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு அவற்றின் ஊர்ப்பெயர் தெரியாது. வாரத்துக்கு அரை ஸ்பூன் வீதம் குறைத்தால் நாக்கு பழகிவிடும்.

கத்தரிக்காய் கரப்பான், உருளைக்கிழங்கு வாயு, தக்காளி மூட்டுக்கு ஆகாது என்ற பட்டியல் எல்லா வீடுகளிலும் உண்டு. பொதுவாக எல்லாருக்கும் இவை அழற்சி தரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. உங்களுக்கு மட்டும் கத்தரிக்காய் தின்றால் அரிக்கிறது என்றால் நீங்கள் விட்டுவிடுங்கள். குடும்பம் முழுவதற்கும் எண்ணெய்க் கத்தரிக்காயை மறுக்காதீர்கள். சிறுதானியமும் அப்படித்தான். கம்பும் வரகும் முழுதாகச் சமைத்தால் நல்லவை. 'சிறுதானிய பிஸ்கட்' என்பது பெரும்பாலும் மைதாவும் சர்க்கரையும் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்ததுதான். உறையின் பின்புறம் முதல் மூன்று பொருள்கள் என்னவென்று படியுங்கள்.

படி 4: சாப்பிட்டதும் கட்டிலுக்குப் போகாதீர்கள்

வேலை செய்யும் தசையே அழற்சியை அடக்கும் ஒரு சுரப்பி. டென்மார்க்கில் பென்டெ பெடர்சனின் ஆய்வுக் குழு கண்ட வேடிக்கை இது: சுருங்கி விரியும் தசை இன்டர்லூகின்-6 என்ற பொருளை ரத்தத்தில் விடுகிறது. தொந்திக் கொழுப்பிலிருந்து நாள் முழுவதும் கசிந்தால் கெடுதல் செய்யும் அதே பொருள், நடக்கும்போது தசையிலிருந்து சிறிது நேரம் வந்து போனால் அழற்சியை அடக்கும் மற்றவற்றை வரவழைக்கிறது. எடை எந்திரம் அசையாத வாரங்களிலும் வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்பு நடையால் கரையும். அதனால்தான் எடையைவிட நாடாவை நம்பச் சொன்னேன்.

வாரத்துக்கு 150 நிமிடம் என்பது பொது விதி. அதைப் பிரித்துக்கொள்ளும் விதம் உங்கள் கையில். மதியமும் இரவும் சாப்பிட்ட பிறகு பதினைந்து நிமிட நடை, வாரம் ஐந்து நாள் என்றாலே 150 ஆகிவிடும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் தணியும். வாரம் இரண்டு நாள் தசைக்கும் வேலை கொடுங்கள். நாற்காலியில் கையூன்றாமல் பத்து முறை உட்கார்ந்து எழுவதில் தொடங்கலாம். மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள் வலிக்கும் என்று பயந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். தொடைத் தசை பலப்பட்டால் முட்டிவலி குறையவே செய்யும்.

படி 5: உறக்கமும் மனச்சுமையும்

ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்குவது தொடர்ந்தால் அழற்சிப் பொருள்கள் கூடுகின்றன. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையில் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று திடுக்கிட்டு எழுகிறவர்கள் உறக்க மூச்சுத்திணறலுக்குப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். அந்தக் கோளாறு இருக்கும்வரை எட்டு மணி நேரம் படுத்தாலும் பயனில்லை.

மனச்சுமை என்றதும் தியான வகுப்பு என்று நினைக்க வேண்டாம். 1995-இல் அமெரிக்காவின் ஒஹையோவில், மறதி நோய் வந்த உறவினரைப் பார்த்துக்கொள்ளும் பெண்களின் கையில் ஒரே அளவில் சிறு புண் ஏற்படுத்தி எத்தனை நாளில் ஆறுகிறது என்று பார்த்தார்கள். மற்றப் பெண்களைவிட ஏறக்குறைய ஒன்பது நாள் கூடுதலாக ஆனது. எங்கள் வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் அப்பத்தாவைப் பார்த்துக்கொள்வது சித்தி. பரிசோதனைக்குப் போனது சித்தப்பா. வாரம் ஒரு நாள் வேறொருவர் வந்து பாட்டியைப் பார்த்துக்கொள்வது சித்தியின் அழற்சிக்கு எந்தக் கஷாயத்தையும்விட நல்ல மருந்து என்பது என் கட்சி.

படி 6: வாயும் புகையும்

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறதா? ஈறு அழற்சி வாயோடு நிற்பதில்லை, சி.ஆர்.பி.யை ஏற்றும், சர்க்கரை நோயையும் மோசமாக்கும். பல் மருத்துவரிடம் ஒரு முறை சுத்தம் செய்துகொள்ளுங்கள். பீடி, சிகரெட், வெற்றிலையோடு போடும் புகையிலை பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை; அவற்றை வைத்துக்கொண்டு மீன் குழம்பைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. பலர் மறப்பது கொசுவர்த்தியை. ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று அளந்திருக்கிறார்கள். மூடிய அறையில் இரவு முழுவதும் அதை மூச்சாக இழுக்கிறோம். கொசுவலை வாங்கிவிடுங்கள்.

படி 7: இப்போது மஞ்சள்

மஞ்சளில் உள்ள குர்குமின் ஆய்வுக்கூடத்தில் அழற்சியை நன்றாகவே அடக்குகிறது. ஆனால் மஞ்சள் தூளில் அது 3 சதவீதம் அளவுதான். குழம்பில் போடும் அரை ஸ்பூனில் 50 மில்லிகிராம் தேறுவதே கடினம். ஆய்வுகளில் கொடுப்பது 500, 1,000 என்ற கணக்கில். போதாக்குறைக்குக் குடல் அதைச் சரியாக உறிஞ்சுவதில்லை. 1998-இல் பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில், மிளகில் உள்ள பைப்பரினைச் சேர்த்துக் கொடுத்தபோது மனிதர்களின் ரத்தத்தில் குர்குமின் இருபது மடங்கு கூடியது. மஞ்சள் மாத்திரைகளில் மிளகுச் சத்தைச் சேர்ப்பது அதனால்தான். அதே காரணத்தால்தான் சிக்கலும். இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இத்தகைய மாத்திரைகள் எடுத்தவர்களுக்குக் கல்லீரல் பாதிப்பு வந்திருக்கிறது. ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே கூடாது. சமையலில் மஞ்சளும் மிளகும் பூண்டும் இஞ்சியும் வழக்கம் போல இருக்கட்டும். அவை காயையும் பருப்பையும் ருசியாக்கி இன்னும் ஒரு கரண்டி சாப்பிடவைக்கின்றனவே, அதுவே பெரிய உதவி.

படி 8: பன்னிரண்டு வாரம், பிறகு மறுபடி நாடா

எல்லாப் படிகளையும் ஒரே திங்கட்கிழமையில் தொடங்காதீர்கள். முதல் இரண்டு வாரம் டீயும் சாப்பாட்டுக்குப் பின் நடையும் மட்டும். அடுத்த இரண்டு வாரத்தில் தட்டை மாற்றுங்கள். ஐந்தாவது வாரத்தில் சுண்டலும் மத்தியும். உறக்கமும் பல் மருத்துவரும் நடுவில் எப்போது முடிகிறதோ அப்போது. நாடாவை மாதம் ஒரு முறை, காலையில் வெறும் வயிற்றில் சுற்றிப் பார்த்து நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? எடை குறைப்பு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில் ஒரு கிலோ குறைய சி.ஆர்.பி. சராசரியாக 0.13 இறங்கியது. ஐந்து கிலோ குறைந்தால் 0.65. விளம்பரத்துக்கு உதவாத எண், ஆனால் 3.6-இல் இருப்பவரை 3-க்கு அருகில் கொண்டுவந்துவிடும். நடையும் உறக்கமும் அதன் மேல் சேரும். நாடா குறைந்தும் எண் 3-க்கு மேலேயே நிற்கிறது என்றால் மருத்துவரிடம் போங்கள். கொலஸ்ட்ராலுக்குக் கொடுக்கும் ஸ்டேடின் மருந்து சி.ஆர்.பி.யையும் குறைக்கும், அது உங்களுக்குத் தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

பன்னிரண்டாம் வார முடிவில் சித்தப்பாவின் இடுப்பு 97. ஹெச்.எஸ். சி.ஆர்.பி. 2.7. மஞ்சள் மாத்திரை எட்டாவது வாரமே தீர்ந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனிக்கவே இல்லை. இப்போது மாதாமாதம் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கிளம்புகிறார். ஆண்டுக்கு ஒரு முறை போதும் என்று சொல்லி, அந்தப் பணத்துக்கு மத்தி வாங்கச் சொல்லியிருக்கிறேன்.